முகர்ந்து மடிப்பவள்

கொடியிலிருந்து துண்டை உருவியதும் என் மனைவி அதை உடனே மடித்துவிட மாட்டாள். இரண்டு கையாலும் சுருட்டி முகத்தருகே கொண்டுபோவாள். கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு வீட்டில் எல்லாமே நின்றுவிட்டதுபோல இருக்கும்; அடுப்பில் பால் மட்டும் மரியாதை தெரியாமல் பொங்கும். பிறகு கண் திறந்து "ம்" என்றால் துண்டு தேறிவிட்டது, மடித்து அலமாரிக்குப் போகும். "ம்ஹூம்" என்றால் மறுபடியும் வாளிக்கு. கல்யாணமான புதிதில் இதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். வேண்டுதல் என்றால் என்றைக்காவது நிறைவேறி முடிந்துவிடும் அல்லவா? இது முடியவில்லை. சட்டை, வேட்டி, தலையணை உறை, பாத்திரம் துடைக்கும் துணி, எதற்கும் விலக்கில்லை. வேலை விட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது நானே இந்தச் சோதனைக்கு ஆளானதுண்டு. சில நாள் தேறியிருக்கிறேன். பல நாள் நேராகக் குளியலறைக்கு அனுப்பப்பட்டிருக்கிறேன்.

அவள் சேலத்துக்காரி. மாமனார் அங்கே கோயில் பக்கத்துத் தெரு ஒன்றில் பூசைச் சாமான் கடை வைத்திருந்தார். சந்தனம், சாம்பிராணி, ஜவ்வாது, பச்சைக் கற்பூரம், கட்டுக் கட்டாக ஊதுபத்தி. கடைக்கு மேலேயே வீடு. மற்றக் குழந்தைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடை பழகினால், இவள் வாசனையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கப் பழகியவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று சொல்வாளாம். நான் கொண்டுவரும் புத்தகங்களைக்கூட நடுவில் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, "இது நல்லாருக்குமுங்க, படிங்க" என்பாள். அவள் தள்ளிவைத்த புத்தகங்களை வீம்புக்கு முழுக்கப் படித்திருக்கிறேன். அவள் சொன்னதுதான் சரி என்று இதுவரை அவளிடம் ஒப்புக்கொண்டதில்லை. எனக்கு வாய்த்த மூக்கு வேறு வகை. கண்ணாடி கீழே விழாமலிருக்கக் கொடுக்கப்பட்ட முட்டு அது. அதனிடம் வேறு உத்தியோகம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

இப்படிப்பட்டவளை இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றி ஏற்காட்டுக்குக் கூட்டிவந்தேன். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நான் நூலகர். ஒண்டிக்கடை முக்கிலிருந்து கிளியூர் போகும் வழியில் அப்பா கட்டிய ஓட்டு வீடு. மழைக்காலம் வந்தால் மேகம் கேட்காமல் உள்ளே வரும். நாற்காலியில், மெத்தையில், அலமாரிக்குள் எல்லாம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கிளம்ப மனமில்லாத விருந்தாளி போல அங்கேயே தங்கிவிடும். துவைத்த துணி நாட்கணக்கில் கொடியில் தொங்கும். பெல்ட்டில் பச்சை பூக்கும். அவள் வந்த முதல் மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, இது என்ன வாடை?"

"எந்த வாடை?"

"இதானுங்க. உங்கூட்டு ஈரம்."

உங்கூட்டு ஈரம். என் வீட்டு ஈரமாம். மாமியார் நாத்தனார் மேல் வைக்க வேண்டிய குற்றச்சாட்டுகள் அத்தனையும், அந்த இரண்டு பேரும் எங்கள் வீட்டில் இல்லாத காரணத்தால், இந்த ஈரத்தின் தலையில் விழுந்தன. அதோடு அவள் நடத்திய போரில் ஆயுதம் கடையில் விற்கும் சோப்புப் பொடிகள். பாக்கெட்டைக் கிழித்தால் தெருமுனைவரை மணக்கும் பொடி. போதாதென்று கடைசி அலசலில் ஊற்ற ஒரு வாசனைத் திரவம். நூலகத்தில் சலசலத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நான் வாசலுக்கு வருமுன்பே வாசனையில் அடங்கிப்போவார்கள். அதட்டாமல் அமைதி காத்த நூலகர் என்ற நல்ல பெயர் எனக்கு அப்படி வந்ததுதான்.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது என் தோல். கழுத்திலும் இடுப்பிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்து, அரிப்பு தாங்காமல், புத்தக அலமாரி மூலையில் முதுகைத் தேய்க்கும் நிலைக்கு வந்தேன். சேலத்துத் தோல் வைத்தியர் என்னைப் பார்த்தார், பிறகு என் மனைவியைப் பார்த்தார். "வாசனையா எதுவும் துணியில படக் கூடாதுங்க. பொடி, திரவம், எண்ணெய், எதுவுமே" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "அதுக்கென்னங்க. வாசம் இல்லாட்டி உசுரா போயிரும்?" என்றாள். அன்று சாயங்காலமே பாக்கெட்டுகள் எதிர்வீட்டுக்குப் போய்விட்டன.

போயிற்று, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். சில நாள் கழித்துத்தான் கவனித்தேன். கொடியிலிருந்து துண்டை எடுத்தாள், மடித்தாள், அடுக்கினாள். நடுவில் ஒன்றுமில்லை. முகத்தருகே கொண்டுபோகவில்லை. பழைய செய்தித்தாளை மடிப்பதுபோல மடித்தாள். அடுத்தது சட்டை. அதுவும் அப்படியே. அவள் எதற்கும் முகம் சுளிக்கவில்லை, புலம்பவுமில்லை. புலம்பியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லி நிம்மதியாகியிருப்பேன். தினமும் காதில் விழுந்த அந்த "ம்" இல்லாத வீட்டில் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. என் தோல் ஆறியது. அவள் மூக்கைச் சாத்திவைத்துவிட்டாள். இந்தப் பேரம் எனக்குக் கட்டுபடியாகவில்லை.

ஆகவே நான் துணிச்சோப்பு ஆராய்ச்சியில் இறங்கினேன். என் தோலும் பொறுக்க வேண்டும், அவள் மூக்கும் திறக்க வேண்டும். படித்தவனுக்கு உள்ள கெட்ட பழக்கம், எதையும் புத்தகத்திலிருந்து தொடங்குவது. புத்தகம் சீயக்காய் என்றது. சீயக்காயில் துவைத்த வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்து, "டீயில முக்குனீங்களா?" என்று கேட்டாள். அடுத்து பூந்திக்கொட்டை. ஒரு பழைய காலுறைக்குள் போட்டுக் கட்டி வாஷிங் மெஷினுக்குள் விட்டேன். காலுறை என்னைப் போலவே மனவலிமை குறைந்தது, பாதியில் கிழிந்துவிட்டது. அன்று முழுக்கச் சட்டைப் பையிலிருந்தெல்லாம் கொட்டைத் தோல் பொறுக்கினோம். பிறகு வேகவைத்து, கரைத்து, வடிகட்டக் கற்றுக்கொண்டேன். துணி பளிச்சென்று வந்தது. தோலும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வாசனை? ஒன்றுமே இல்லை. பச்சைத் தண்ணீர்.

அதில் வாசனை சேர்க்க நான் பட்ட பாடு இருக்கிறதே. ஆரஞ்சுத் தோலைக் காயவைத்துப் போட்டேன்; படுக்கை விரிப்பைத் தேடி எறும்பு வரிசை கட்டி வந்தது. ஒண்டிக்கடையில் வாங்கிய தைல மர எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டேன். "காய்ச்சக்காரன் பக்கத்துல படுத்தாப்புல இருக்குதுங்க" என்றாள். கடைசியாக எலுமிச்சைப்புல் எண்ணெய். அன்று தலையணை உறையை எடுத்தவள் கை பாதி வழியில் நின்றது. முகம் லேசாகக் குனிந்தது. நான் கதவுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றேன். மறுநாளே கழுத்தில் தடிப்பு வந்துவிட்டது. வைத்தியர் சொன்னது நினைவிருந்தும், இயற்கை எண்ணெய்தானே, அவர் சொன்னது வேறு எண்ணெயாக இருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதியிருந்தேன். சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, அரிப்பைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு திரிந்தேன். அவள் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறாள், இப்போது போய் விடக்கூடாது.

"காலரக் கொஞ்சம் எறக்குங்க" என்றாள் சாப்பிடும்போது.

"குளிருது."

"எறக்குங்கன்னா." பார்த்தாள். தடிப்பை விரலால் தொட்டாள். "உங்களுக்கு என்னங்க பைத்தியமா? எனக்கு வாசம் வேணும்னு நானா கேட்டேன்?"

"நீ கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே முடியாதுன்னு சொல்லிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததோடு கண்ணையும் துடைத்துக்கொண்டாள். எலுமிச்சைப்புல் எண்ணெயும் எதிர்வீட்டுக்குப் போனது. எங்கள் புண்ணியத்தில் அந்த வீடு மணத்துக்கொண்டிருந்தது.

அந்த இரவுச் சோற்றுத் தட்டு காயும்வரை அவள் தன் அப்பாவைப் பற்றிப் பேசினாள். வெளியே ஓட்டிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. "எங்கப்பா ஒரு நாளும் சென்ட்டு போட்டதில்லீங்க. மஞ்ச பார் சோப்புதான். அதுல ஒரு வாசமும் கெடையாது. ஆனா ராத்திரி சட்டையக் கழட்டி ஆணியில மாட்டுனா, அறையே கோயிலாட்டம் ஆயிரும். நான் அந்த ஆணிக்குக் கீழதான் பாய் போட்டுப் படுப்பேன்." அவரை நான் சில வருஷங்களே பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால், தோளில் துண்டோடு, அதிகம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவர் விடைகொடுக்கத் தோளைத் தொட்டால் என் மூக்குக்கே ஏதோ எட்டும். அன்று படுத்தபின் யோசித்துக்கொண்டிருந்தேன். சோப்பில் இல்லாத வாசனை அந்தச் சட்டைக்கு எங்கிருந்து வந்தது? அவர் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த காற்றிலிருந்து. நான் இத்தனை நாளும் வாளிக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

கோடையில் பூ மழை பெய்தது. காப்பிச் செடி அந்த மழைக்காகவே காத்திருந்து, சில நாளில் ஒரே மூச்சில் பூக்கும். இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். எங்கள் பின்வேலிக்கு அப்பால் தலைச்சோலை ஊர்க்காரர் ஒருவரின் காப்பித் தோட்டம். விடிந்து பார்த்தால் சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே சரிவு முழுக்க வெள்ளை. மல்லிகைக் கடையைத் திறந்ததுபோல இருக்கிறது என்று அவள் தூக்கக் கலக்கத்தில் சொன்னாள். நான் வேறொன்றும் யோசிக்கவில்லை. பூந்திக்கொட்டையில் அலசிய அவளுடைய இளம்பச்சைச் சேலையையும் ஒரு கயிற்றையும் எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன். மரத்துக்கு மரம் கொடி கட்டி, பூத்த செடிகளின் நடுவே சேலையை விரித்துவிட்டு, ஒரு கவிஞனின் திருப்தியோடு பல் விளக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது தோட்டக்காரர் வேலியருகே இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். சேலை காற்றில் புரண்டு புரண்டு இருபுறச் செடிகளையும் பெருக்கிக்கொண்டிருந்தது. கீழே பூ உதிர்ந்து கிடந்தது. ஒரு தேனீக் கூட்டம் சேலையைச் சுற்றிக் குழம்பிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க சார், பூத்த காட்டுக்குள்ள நாங்களே கால் வெக்க மாட்டோமுங்க. ஆளு ஒரசுனாக்கூடப் பூ கொட்டிப்போயிரும். நீங்க ஊட்டுச் சீலையக் கட்டி ஊஞ்சலாட உட்டிருக்கீங்க. ஒவ்வொரு பூவும் ஒரு கொட்டைங்க, தெரியுமுங்களா?"

"தப்புத்தானுங்க."

"தேனீயப் பாருங்க. எந்தப் பூவுல உக்காரறதுன்னு தெரியாம நிக்குது. எதுக்குங்க சார் இங்கே? உங்கூட்டுல கொடி இல்லீங்களா?"

உண்மையைச் சொல்லுமுன் ஒரு கணம் தயங்கினேன். அதற்குள் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "எனக்காகத்தாங்க அண்ணா. என் சீலைக்கு வாசம் புடிக்க." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபிக்கவா சிரிக்கவா என்று அவருக்கும் தெரியவில்லை. "அட ஏஞ்சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு, செடிகளுக்குள் பக்கவாட்டில் நுழைந்து, ஒரு பூ உதிராமல் சேலையைச் சுருட்டி எடுத்துவந்து அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கினாள். மடிக்கவில்லை.

இரண்டு கையாலும் சுருட்டி முகத்தில் வைத்துக்கொண்டாள். கீழே பள்ளத்திலிருந்து மெல்லிய மேகம் ஒன்று செடிகளின் மேல் ஏறி வந்துகொண்டிருந்தது. அது எங்களைத் தாண்டிப் போனது. தோட்டக்காரர் மறைந்தார், வேலி மறைந்தது, சரிவின் வெள்ளையும் மேகத்தின் வெள்ளையும் ஒன்றாயின. அவள் மட்டும், முகம் தெரியாமல், கையளவு இளம்பச்சையாக நின்றாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து "ம்" என்று ஒரு சத்தம் கேட்டது.

மேகம் விலகியதும் அவள் மூக்கை உயர்த்திக் காற்றைப் பார்த்தாள். "உள்ள கட்ட வேண்டாமுங்க அண்ணா. காத்து இப்படித்தான் எறங்குது. வேலிக்கு எங்க பக்கமே கட்டிக்கறோம்." அப்படியே கட்டினோம். வாசனை வேலி தாண்டி வந்தது. பூ ஒன்றும் உதிரவில்லை. அடுத்த வருஷம் பூ மழைக்குப் பின் ஒரு காலையில் பார்த்தால், எங்கள் கொடிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கயிறு. அதில் மூன்று சேலைகள். தோட்டக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஊட்டுல சொல்லிட்டாங்க சார்" என்றார்.

இப்போது துவைப்பது பூந்திக்கொட்டையில்தான். மணம் சேர்ப்பது மலையின் பொறுப்பு. காற்றில் வரும் வாசனைக்கு என் தோல் ஆட்சேபம் சொல்லவில்லை. மார்கழியில் களத்தில் காயும் காப்பிப் பழத்தின் வாசம், மிளகு காயும்போது ஒரு காரம், கோடை முடிவில் பலா. பலா வாசத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் பக்கத்திலிருந்தவர் இலையில் பலாச்சுளையைத் தேடித் தேடிப் பார்த்ததும் நடந்தது. பூவோ பழமோ எதுவும் இல்லாத, மேகம் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் மாதங்களுக்கு மட்டும் என்னிடம் வழியில்லை. அந்த மாதங்களுக்குத்தான் நான் பயந்துகொண்டிருப்பேன்.

இன்று காலையும் அப்படி ஒரு மழைக்கால நாள்தான். கொடியிலிருந்து துண்டை உருவினாள். சுருட்டி முகத்தருகே கொண்டுபோனாள். கண்கள் மூடின. நான் செய்தித்தாளைத் தாழ்த்திக்கொண்டு, வாளியைத் தேடி எழுந்தேன்.

"என்ன வாசம்?"

"ஈரமுங்க."

கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. இன்னொரு முறை ஆழமாக மோந்தாள், நிதானமாக நான்காக மடித்தாள்.

"வாளிக்கு இல்லையா?"

"எதுக்குங்க? நம்மூட்டு ஈரந்தானே."

அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேருமே போகவில்லை.