பகலில் சாத்திய கதவு

நான் செய்கிற வேலையை எங்கள் வீட்டில் யாரும் வேலையாகவே எடுத்துக்கொள்வதில்லை. "அடுத்தவங்க வீட்டுக் கதையைக் கேட்கிறதுக்கு உனக்குச் சம்பளம் வேற குடுக்கிறாங்களா?" என்று என் அண்ணன் இன்றைக்கும் கேட்பான். அவன் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. காசநோய் வந்து குணமானவர்கள் அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்கான ஓர் ஆய்வு அது. அவர்களை வேலைக்குச் சேர்க்கிறார்களா, கல்யாண வீட்டுக்கு அழைக்கிறார்களா, பக்கத்தில் உட்காருகிறார்களா என்றெல்லாம் கேட்க வேண்டும். டாக்டர்கள் வேலையை முடித்துக்கொண்டு போன இடத்தில் எங்கள் வேலை தொடங்கும். மாத்தளை மாவட்டத்தில் தமிழ் பேசுகிறவர்களைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு.

போவதற்கு முன் கண்டியில் பயிற்சி கொடுத்தார்கள். யாரையும் வற்புறுத்தக் கூடாது. வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் எதற்காக வந்தோம் என்பது மூன்றாம் ஆளுக்குத் தெரியக் கூடாது. ஆகவே தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச வேண்டும். "தோட்டத்து ஆட்களின் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கிற லயத்தில் தனி அறைக்கு எங்கே போவது, மேடம்?" என்று கேட்டேன். கொழும்பிலிருந்து வந்திருந்த அந்த மேடம் லயத்தைப் படத்தில்தான் பார்த்திருப்பார் போல. "எப்படியாவது ஏற்பாடு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் விதி நல்ல விதி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பல்லேபொலப் பக்கம் ஒரு சிறிய தோட்டம். மிளகும் கொக்கோவும் இருக்கின்றன, கீழே பழைய லயம் ஒன்று. அங்கே இருந்த ஒரு பெண் பேசச் சம்மதித்திருந்தாள். நாற்பது வயதைத் தாண்டியிருப்பாள், புருஷன் இல்லை. நோய் முற்றாகக் குணமாகி, டாக்டர் இனி ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. போனில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வாங்க மிஸ், பேசுறேன். நம்மள மாதிரி இன்னொருத்திக்கு ஒதவுமுன்னா பேசத்தானே வேணும். ஆனா லயத்துல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. சயரோகக்காரி ஆக்கிப் போடுற சோறுன்னு தெரிஞ்சா பிள்ளைங்கள அனுப்புவாங்களா? என் சமையல் போயிரும்."

அதனால் ஆட்டோவைத் தூரத்து வளைவிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்து போனேன். அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். என்ன பிரயோசனம்? பின்னேரம், பள்ளிக்கூடம் விட்ட நேரம். குழாயடியில் நின்றவர்கள் தொடங்கி விறகு பிளந்துகொண்டிருந்தவர் வரை லயமே என்னைப் பார்த்தது. வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பில் எனக்கு நாற்காலி போடுவதற்குள் பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து கனத்த உடம்புக்காரியான ஒரு அக்கா வந்துவிட்டார். "எந்தூரு மிஸ்?" என்று கேட்டார். மாத்தளை டவுன் என்றேன். "எனக்குத் தெரிஞ்ச மிஸ்தான், அக்கா" என்று நான் பார்க்க வந்தவள் அவசரமாகச் சொன்னாள். பிறகு நாங்கள் இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினோம்.

லயத்தில் பகலில் கதவைச் சாத்துகிற வழக்கமில்லை. சாத்தியிருந்தால் வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். ஆள் இருந்தும் சாத்தியிருந்தால் உள்ளே ஏதோ விபரீதம். ஒரு வீட்டுக்கு வருகிற விருந்தாளி பாதி லயத்துக்கும் விருந்தாளிதான். பக்கத்து வீட்டார் வந்து நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை. என் அம்மா பிறந்து வளர்ந்ததும் லயத்தில்தான், ஆகவே இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் கண்டியில் சொன்ன விதி அன்றைக்குத் தாழ்ப்பாளைப் போட்டது.

அவள் பாலில்லாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். தனக்கும் ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு தணிந்த குரலில் சொல்லத் தொடங்கினாள். நோய் இருந்த காலத்தில் தினமும் காலையில் டிஸ்பென்சரிக்குப் போய் நர்ஸுக்கு முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். ஒருநாளும் தவறக் கூடாது. லயத்தில் கேட்டால் என்ன சொல்வது? ரோட்டோரத்து அம்மன் கோயிலில் ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது, தினமும் போய்க் கும்பிட்டு வர வேண்டும் என்று சொல்லிவைத்தாளாம்.

"ஒருத்தருக்கும் சந்தேகம் வரல மிஸ்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கெட்டிக்காரி என்று நானும் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அப்போதுதான் வெளியே சத்தம் நின்றுபோயிருந்ததைக் கவனித்தேன். குழாயடிப் பேச்சு இல்லை, ரேடியோ இல்லை. கொஞ்ச நேரத்தில் கதவுக்கு மிக அருகில் முணுமுணுப்பு. அதன் பிறகு கதவில் அடி விழுந்தது.

"கதவத் தொறடி! மிஸ், நீங்களும் வெளிய வாங்க!"

திறந்தால், அந்த அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள்.

"யாரு பெட்டிசம் போட்டது?" என்றார் என்னிடம். "இவ சமையலப் பத்தி யாரோ கல்விக் கந்தோருக்குப் புகார் எழுதித்தானே நீங்க விசாரிக்க வந்திருக்கீங்க? இவ சோத்துல என்ன குத்தம்? சொல்லுங்க பார்ப்போம்."

"அப்படி ஒண்ணும் இல்லங்க. சும்மா பேச வந்தேன்."

"சும்மா பேசுறதுக்கா கதவச் சாத்தினீங்க?"

உண்மையைச் சொன்னால் அவளுடைய ரகசியம் போய்விடும். சொல்லாவிட்டால் பெட்டிசம் என்பதே உறுதியாகி, நாளைக்குப் பள்ளிக்கூடம் வரை போய்விடும். எப்படிப் பார்த்தாலும் அவள் சமையலுக்கு உலை வைத்தது என் தாழ்ப்பாள்தான். அவளைத் திரும்பிப் பார்த்தேன். டம்ளரோடு எழுந்து எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

அந்த அக்கா குரலைத் தணித்தார். "அந்த இருமல் விஷயமா வந்திருந்தாலும் கேட்டுக்கங்க மிஸ். இவ மருந்து முழுசாக் குடிச்சு முடிச்சிட்டா. நாங்க எல்லாரும் வந்து சொல்றோம்."



"அக்கா..." என்றாள் அவள். "ஒங்களுக்கு எப்படி?"

"அடிப் போடி இவளே! தினம் கோயிலுக்குப் போறவ, ஒரு நாளாச்சும் நெத்தியில திருநூறு வச்சிக்கிட்டு வந்திருக்கியா? போகையில எப்படிப் போவியோ அப்படியே வெறும் நெத்தியோட வருவ. எங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் தன்னையறியாமல் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கதை மெதுவாக வெளியே வந்தது. அந்த அக்காவின் புருஷன் இவள் டிஸ்பென்சரிக்குள் போவதைப் பார்த்திருக்கிறார். பிரசவம் பார்க்கிற மருத்துவமாது லயத்துக்கு வந்தபோது, யார் என்று சொல்லாமல், இப்படி ஒருத்தர் லயத்தில் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இந்தப் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோதித்தும் இருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பிறகு, வாயைத் திறக்கவில்லை. இவள் வெட்கப்படுவாள் என்று இவளிடமும் சொல்லவில்லை.

"சமையலுக்கு ஆள் கேட்டப்ப இவ பேரச் சொன்னதே நாங்கதான்" என்றார் அக்கா. "எங்க பிள்ளைங்கதானே அங்க திங்குது. தெரியாமலா விட்டோம்?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே அந்த மண் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஊர்வாயை மூட முடியாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். இந்த ஊர்வாய் தானாகவே மூடிக்கொண்டிருந்திருக்கிறது. இதையெல்லாம் மேடத்திடம் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குப் புரியவில்லை. அதற்காக இனிமேல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பேசலாம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த லயம் இப்படி இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆனால் அன்றைக்கு அந்த ஒரு வீட்டில், ஒருத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. அது போதுமாக இருந்தது.

அவள் மட்டும் இன்னும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. பாதி குடித்த டம்ளர் கையிலேயே இருந்தது. அந்த அக்கா உள்ளே வந்து, அதை அவள் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஐயோ, அது நான் குடிச்ச எச்சில், அக்கா" என்றாள் அவள்.

"தெரியும்டி. ஆறிப்போச்சு, சீனியும் பத்தல. இன்னொண்ணு ஊத்து, எல்லாருக்கும்."