மூடியவர் பெயர்

போன வெள்ளிக்கிழமை காலை அல் குசைஸில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிரே புதிதாக ஓர் உணவகம் திறந்திருக்கிறார்கள். பலகையில் தமிழிலும் எழுதியிருந்தது. "இன்று மீன் குழம்பு" என்று எழுத்துக் கூட்டி வாய்விட்டு வாசித்தேன். அறுபத்திரண்டு வயதில் இது எனக்கு இன்னும் அலுக்காத விளையாட்டு. வாசித்து முடித்த சந்தோஷத்தில் நிற்கும்போது கைபேசி அடித்தது. குவைத்தில், மங்காஃபில், எட்வினோடு ஒரே ரூமில் இருக்கும் பெனடிக்ட் பேசினார்.

"அண்ணாச்சி, எட்வின் போயிட்டாரு. பூசைக்குக் கிளம்பி சட்டை மாட்டிக்கிட்டு இருந்தாரு. நெஞ்சப் புடிச்சிக்கிட்டு கட்டில்ல உக்காந்தாரு. அவ்வளவுதான்."

பேருந்து வந்தது. ஏறாமல் நின்றேன். அடுத்ததும் வந்து போனது.

எட்வினைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் இதை வாசிப்பீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அவசரம் இல்லை. எட்வினும் அவசரத்தை விரும்பாதவர்.

குளச்சல்காரர். என்னைவிடப் பதினேழு வயது இளையவர். ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பிரிவில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு துபாய் வந்தார். ஊருக்கு வெளியே மணலுக்குள் இருக்கும் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில், தோட்டா நிரப்பும் அறை அவர் பொறுப்பு. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் கழுவி, மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்து, உறுப்பினர்களின் கைத்துப்பாக்கிகளுக்குத் தோட்டா செய்துகொடுக்கும் வேலை. கூடு பொறுக்குவதும் கழுவுவதும் என் வேலை. நான் மணப்பாடு. கடல்காரர் இருவர் பாலைவனத்தில் பித்தளை கழுவுகிறோமே என்று அவர் அடிக்கடி சிரிப்பார்.

அவர் போடும் தேநீரைக் குடித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மருந்தை அத்தனை கவனமாக நிறுக்கிற மனிதர், சர்க்கரையைக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போடுவார். "தராசு எதுக்குன்னு இருக்கு அண்ணாச்சி. தேத்தண்ணி வெடிக்காது" என்பார்.

ஆறு வருடத்துக்கு முன், நாங்கள் வழக்கமாக வாங்கும் மருந்து வராது என்றார்கள். அதே கம்பெனியின் புதிய புகையில்லா மருந்து வந்தது. அதைச் சோதித்துப் பார்க்காமல் உறுப்பினர்களுக்குக் கொடுக்க முடியாது. எட்வின் புத்தகத்தில் சொன்ன மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்தார். ஐந்து தோட்டா செய்வார், தாமே போய்ச் சுடுவார், வேகம் அளக்கும் கருவியில் எண் பார்ப்பார், கூடுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஐந்தும் ஒன்றுபோல் இருந்தால்தான் அடுத்த ஐந்து. காலையில் சுட்டதையே நடுப்பகலில் வெயிலில் நின்று மறுபடி சுடுவார். மேனேஜர் எரிச்சலோடு, "எல்லாம் புத்தகத்தில் இருக்கிறதே, யல்லா யல்லா, சீக்கிரம்" என்றால், "புத்தகம் எழுதுனவரு ஏசியில இருந்தாரு சார்" என்பார்.

அந்தச் சோதனையை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அவர் லீவில் போக முடியும். வெள்ளிக்கிழமை விமானம். ஞாயிற்றுக்கிழமை குளச்சலில் மகள் ஜெனிட்டாவுக்குப் புது நன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கும் நாள். மகளைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெள்ளைக் காலணி வாங்கி, பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தார். அளவு சரியாக இருக்குமா என்று என்னிடம் நாலு முறை கேட்டார்.

இனி நான் சொல்லப்போவதைத்தான் நீங்கள் வேறு விதமாக அறிந்திருக்கிறீர்கள்.

புதிய மருந்தும் பழைய மருந்தும் ஒரே மாதிரி டப்பாவில் வந்தன. அதே பச்சை, அதே கறுப்பு மூடி. உள்ளே இருப்பதும் ஒரே சாம்பல் நிறத் துகள். கண்ணால் பார்த்து எட்வினால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் இரண்டின் மீதும் காகிதப் பட்டை ஒட்டி எழுதினார். அவர் லேபிளில் எப்போதும் மூன்று வரி இருக்கும். உள்ளே என்ன, எந்த நாள், மூடியவர் யார். "மூடுனவன் பேரு இல்லாத டப்பாவ நான் தொடமாட்டேன்" என்பது அவர் சட்டம். வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதுகிறவர், அந்த இரண்டில் மட்டும் தமிழில் 'பழையது', 'புதியது' என்று எழுதினார். "உங்களுக்காகத்தான் அண்ணாச்சி" என்றார். நான் தலையாட்டினேன்.

எனக்குத் தமிழும் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. அரபு நாட்டில் இருபத்தெட்டு வருடம் நான் நிறத்தையும் படத்தையும் வைத்தே பிழைத்தவன். ஊர்க் கடிதம் வந்தால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று யாரிடமாவது நீட்டுவேன்.

புதன்கிழமை வேலை முடியும்போது மேனேஜர் எட்வினைக் கூப்பிட்டார். மருந்தை அளந்து ஊற்றும் கருவியில் புதிய மருந்து கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை அன்றே அதன் டப்பாவில் திருப்பி ஊற்ற வேண்டும் என்பது முறை. ஊற்றுவது எட்வினின் வேலை. பாவம், அவருக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று நானே அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தேன். இரண்டில் எது என்று யோசித்தேன். முன்னால் இருந்ததை எடுத்தேன். ஊற்றினேன். இறுக்கி மூடினேன்.

மறுநாள் காலை எட்வின் பழைய மருந்து டப்பாவை எடுத்து, பயிற்சிக்காக இருநூறு தோட்டா நிரப்பினார். நான்கு பெட்டியில் அடுக்கி மைதானத்துக்கு அனுப்பினார். அது பெண்கள் பயிற்சி செய்யும் நாள். பிறகு கடைசிச் சோதனைக்காகப் புதிய மருந்து டப்பாவைத் தூக்கினார். கையில் பிடித்தபடி நின்றார். தராசில் வைத்தார். எடை குறைந்திருந்தது.

"அண்ணாச்சி, நேத்து மிச்சத்த ஊத்துனீங்களா?"

"ஊத்திட்டேன் தம்பி."

"எதுல?"

காலையில் அவர் தோட்டா நிரப்ப எடுத்த டப்பாவைக் காட்டினேன்.

"அதுல என்ன எழுதியிருக்கு? வாசிங்க."

நான் சுவரைப் பார்த்தேன். தரையைப் பார்த்தேன். இத்தனை வருடம் எத்தனையோ பேரிடம் சொல்லிய கண்ணாடிப் பொய் வாய் வரைக்கும் வந்தது.

"எனக்கு வாசிக்கத் தெரியாது தம்பி" என்றேன்.

அவர் முகத்தில் கோபம் வருமுன்பே கால் ஓடத் தொடங்கிவிட்டது. நானும் பின்னால் ஓடினேன். வேகமாக எரியும் மருந்து மற்றதன் அளவில் உள்ளே போயிருந்தால் துப்பாக்கி கையிலேயே சிதறும். மணலில் செருப்பு கழன்றதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"ஸ்டாப்! மாஃபி ஃபயர்! மாஃபி!"

வரிசையில் முதலில் நின்றவர் ஓர் இளம் அரபுப் பெண். துப்பாக்கியை உயர்த்தியிருந்தார். எட்வினின் குரல் கேட்டுத் தாழ்த்தினார். ஒரு தோட்டாவும் வெடித்திருக்கவில்லை. எட்வின் அங்கேயே மணலில் உட்கார்ந்து எண்ணினார். நூற்றுத் தொண்ணூற்றொன்பது. மறுபடி எண்ணினார். அதே எண். அந்தப் பெண் மெல்ல இடது கையை விரித்தார். துப்பாக்கியிலிருந்து கழற்றிய இருநூறாவது அங்கே இருந்தது.

மேனேஜர் வந்தார். யார் செய்த தவறு என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். எட்வின் என் பக்கம் திரும்பாமலே தமிழில், "சும்மா இரிங்க" என்றார். பிறகு ஆங்கிலத்தில், டப்பாவை மாற்றி மூடிவிட்டேன், அறை என் பொறுப்பு என்றார். மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தினார். கலந்துபோன தோட்டாக்களைப் பிரித்து, மருந்தை அழித்து, சோதனையை முதலிலிருந்து முடிக்கும்வரை லீவு கிடையாது, கலாஸ், பேச்சு முடிந்தது என்று போய்விட்டார்.

"ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க? பிள்ளையோட புது நன்மை..."

"நீங்க சொன்னா உங்க விசாவ கேன்சல் பண்ணுவான். என்னத் திட்டத்தான் செய்வான். திட்டு வாங்க ராணுவத்துல பென்சனே குடுக்கான் அண்ணாச்சி."

சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அன்று மாலை அவர் வீட்டுக்குப் பேசும்போது நான் பக்கத்தில் இருந்தேன். "அப்பா ஒரு டப்பாவ மாத்தி மூடிட்டேன் மக்களே. அதான் வர முடியல. செருப்ப யாரு கையிலயாவது குடுத்து விடுதேன்" என்றார். அந்தப் பக்கம் பிள்ளை அழுதது எனக்கும் கேட்டது.

அன்றே தொடங்கி இரண்டு நாள் உட்கார்ந்து இருநூறு தோட்டாவையும் பிரித்தோம். சுத்தியல் போன்ற ஒரு கருவிக்குள் தோட்டாவை வைத்துத் தட்டினால் குண்டு தனியே வந்து விழும். அவர் தட்டுவார், நான் பிரித்து வைப்பேன். அவர் விமானம் போன வெள்ளிக்கிழமையும் தட்டிக்கொண்டுதான் இருந்தோம். பத்துத் தோட்டா முடிந்ததும் கையைத் துடைத்துவிட்டு, காகிதப் பட்டையில் ஓர் எழுத்து எழுதி என் முன் ஒட்டுவார். "இது என்ன?" என்பார். சொல்லாவிட்டால் தேநீர் கிடையாது. அந்தத் தேநீருக்காக யாரும் கற்க மாட்டார்கள் என்றேன். அன்றைக்கு முதல் முறையாக இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

இருநூறு முடிந்தபோது எனக்கு இருபது எழுத்து தெரியும். கலந்த மருந்தை வெட்டவெளி மணலில் மெல்லிய கோடாகக் கொட்டித் தூரத்திலிருந்து கொளுத்தினோம். சத்தமில்லாமல் ஒரு மஞ்சள் சுடர் ஓடி அடங்கியது. "இவ்வளவுதான் அதோட கோபம். அடைச்சு வச்சாத்தான் வம்பு" என்றார்.

புதிய டப்பாவுக்கு லேபிள் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார். முதல் இரண்டு வரி எழுத அரை மணி நேரம் ஆயிற்று. மூன்றாவது வரியில் என் பெயர். சூசை. இரண்டே எழுத்துதான், ஆனால் இரண்டும் எவ்வளவு சுழிகின்றன! நான் எழுதிய என் பெயரை நானே வாசித்தேன். ஐம்பத்தாறு வயது மனிதன் ஒரு மருந்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்ததை எட்வின் யாரிடமும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

நான்கு மாதம் கழித்துத்தான் ஊர் போனார். திரும்பி வரும்போது ஜெனிட்டா எனக்கு எழுதிய கடிதம் கொண்டுவந்தார். எனக்கு வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று பிள்ளை பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. "சூசை மாமா, செருப்பு சின்னதாப் போச்சு. அப்பா இனிமே டப்பாவ மாத்தாமப் பாத்துக்கோங்க." என் வாழ்க்கையில் நானே வாசித்த முதல் கடிதம் அது.

பிறகு அவர் குவைத் போனார். ஆனால் 'டப்பா எட்வின்' என்ற பெயர் இங்கேயே தங்கிவிட்டது. அவர் துபாய் வரும்போதெல்லாம் நீங்கள் அப்படித்தான் கூப்பிட்டீர்கள். அவரும் "ஆமாவே, சொல்லும்" என்று திரும்பிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று சும்மா இருந்தேன். ஒவ்வொரு முறையும், அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

நேற்று கராமாவில் அவருக்காகச் செபம் சொன்ன பிறகு, யாரோ அந்தக் கதையை எடுத்தார்கள். அழுதுகொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். படியிறங்கும்போதே இதை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஜெனிட்டா, இப்போது நீ பெரிய பிள்ளை. இதை நீ வாசிப்பாய். உன் அப்பா எந்த டப்பாவையும் மாற்றி மூடியதில்லை. டப்பா மாறாமல் பார்த்துக்கொள்ளும்படி நீ எழுதிக் கேட்ட மாமாதான் மாற்றியவன். உன் புது நன்மைக்கு அவர் வராமல் போனது என்னால்.

குவைத் போகும் முன் அவர் தந்த காகிதப் பட்டைச் சுருள் பாதி என்னிடம் இருக்கிறது. ரூமில் உப்பு, மிளகாய்த்தூள், சர்க்கரை எல்லாவற்றிலும் மூன்று வரி எழுதி ஒட்டியிருக்கிறேன். திறக்கும் முன் வாய்விட்டு வாசிக்கிறேன். ரூம்காரர்கள் கேலி செய்கிறார்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சுருளும் இந்தப் பழக்கமும்தான். இன்று அதில் ஒரு துண்டு கிழித்து, இந்தத் தாளின் அடியில் ஒட்டுகிறேன்.

உள்ளே: எட்வின்.
நாள்: ஞாயிறு.
மூடியவர்: சூசை.