அண்ணி வகுத்த எண்

பள்ளிக்கூடக் கரும்பலகையில் அண்ணி எழுதியது அண்ணனின் கைப்பேசி எண் என்று எனக்கு உடனே தெரியவில்லை. முன்னால் வரும் சுழியத்தை விட்டுவிட்டு ஒன்பது இலக்கங்களை எழுதியிருந்தார். பசறைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலுள்ள மலையில் வெடிப்பு கண்டதால், முதல் நாளே எல்லாக் குடும்பங்களையும் பள்ளிக்கூடத்துக்கு இறக்கியிருந்தார்கள். அவசரத்தில் விட்டுவந்த அண்ணியின் சான்றிதழ்களை எடுத்து வருகிறேன் என்று விடிந்ததும் அண்ணன் மேலே போனான். பத்து மணிக்குப் பிறகு அவனுக்கு அழைப்பு போகவில்லை. மழையும் விடவில்லை. பொலிஸார் பாதையை மறித்துவிட்டார்கள்.

அண்ணி அதே பள்ளியில் கணித ஆசிரியை. அவர் அழவில்லை. நான் வாசலுக்கும் வகுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவர் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து, "மூனால போகும்" என்றார். வகுத்தார். வந்த விடையை ஏழால் வகுத்தார்; அதுவும் மீதியில்லாமல் போயிற்று. மிஞ்சிய எட்டு இலக்க எண்தான் எதற்கும் மசியவில்லை. பதினொன்று, பதின்மூன்று, பதினேழு என்று ஒவ்வொரு முதன்மை எண்ணாலும் வகுத்தார். பலகை நிறைந்ததும் அழித்துவிட்டு மேலும் வகுத்தார். வெண்கட்டி இரண்டு முறை ஒடிந்தது.

ஏதாவது பேசினால் தேவலை போலிருந்தது. "எதாலயும் போகலன்னா அது முதன்மை எண்தானே அண்ணி?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல ஏலாது. இன்னும் நூத்துக்கணக்குல பாக்க இருக்கு. நான் பாத்த வரைக்கும் போகல, அவ்வளவுதான்."

மூன்று மணிபோல அண்ணன் வந்தான். இடுப்பு வரை சேறு. பொலித்தீன் பையில் சுற்றிய சான்றிதழ்களை நெஞ்சோடு பிடித்திருந்தான். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம்; தேயிலை மலைக்குள் இறங்கிச் சுற்றி வந்தானாம். பலகையைப் பார்த்து, "என் நம்பர என்னா பண்ணி வச்சிருக்க?" என்றான்.

அண்ணி பையை வாங்கவில்லை. "யாரு உங்கள இதக் கேட்டா?" என்றார். அப்போதுதான் அழுதார்.

நான்காம் நாள் வெயில் வந்தது. மலையைப் பார்த்துவிட்டு வந்த அதிகாரி, எல்லோரும் வீடுகளுக்குப் போகலாம் என்றார். நாங்கள் பாயைச் சுருட்டத் தொடங்கினோம். அண்ணி மட்டும் எழுந்து அவரருகே போனார்.

"இனி விழாதுன்னு சொல்றீங்களா சேர், இல்ல இதுவரைக்கும் விழலன்னு சொல்றீங்களா?"

அவர் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். "இப்போதைக்குப் போகலாம் டீச்சர்."

அண்ணி போகவில்லை. பசறை டவுனில் ஓர் அறை பிடித்து, அன்று மாலையே அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார். குடும்பத்தைப் பிரித்துவிட்டாள் என்று அம்மா பல மாதம் அவரோடு பேசவில்லை. மலை இன்றுவரை விழவில்லை. அதையும் அம்மா சொல்லிக்காட்டத் தவறுவதில்லை.

நானும் அம்மாவும் அதே லயத்தில்தான் இருக்கிறோம். மூன்று நாளாக மழை. காலையிலிருந்து அண்ணி நான்கு தடவை அழைத்துவிட்டார். "வந்துருங்க" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை. அம்மாவின் சேலைகளை நான் மடித்துப் பையில் வைக்கிறேன். அம்மா அவற்றை எடுத்து மறுபடியும் கொடியில் போடுகிறாள்.