பருத்தியோரத்து வாக்கி டாக்கி

“...கூடக் காசு குடுத்துக் கொறஞ்ச தூரம் பேசணுமாக்கும்? நல்லாருக்கு அண்ணாச்சி ஒங்க நியாயம்! படிப் பால் கறக்குத மாட்டத் திருப்பி வாங்கிக்கிட்டு, ஒழக்குப் பால் கறக்குத மாட்ட அதவிடக் கூடுன வெலைக்கு எங்கிட்ட புடிச்சிக் குடுக்குதீங்களே!”

சொல்லிவிட்டு, கண்ணாடி மேஜைமேல் இருந்த இரண்டு புது வாக்கி டாக்கிகளையும் ஒற்றை விரலால் என் பக்கமாகத் தள்ளினார் அந்த ஆட்டுக்கார அம்மா.

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் ஒன்றை அவர் கையில் கொடுத்துக் கடைவாசலில் நிறுத்திவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு நான் தெருவில் நடந்தேன். மாடி மாடியாய் நிற்கிற ஜவுளிக்கடையைத் தாண்டித் திரும்பினேனோ இல்லையோ, அவர் குரல் கரகரத்தது. அடுத்த திருப்பத்தில் சுத்தமாக நின்றே போயிற்று. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால் இந்த வரவேற்பு.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன், டார்ச் லைட், ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவன் நான். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. கைக்கு வந்த பழுதுச் சாமான்கள் சொல்லிக்கொடுத்ததுதான். அவை சொல்லிக்கொடுக்காமல் விட்டதும் நிறைய உண்டு என்பது இந்த வாக்கி டாக்கி விவகாரத்தில்தான் எனக்கு உறைத்தது.

அந்த அம்மாவுக்கு ஊர் எப்போதும்வென்றான் பக்கம். புருஷனும் பெண்டாட்டியுமாக எண்பது செம்மறி ஆடு வைத்து மேய்க்கிறார்கள். வெள்ளை உடம்பில் சிவப்புப் பொட்டு வைத்த வேம்பூர் ஆடுகள். அடைமழைக் காலத்தில் ஒருநாள் கரிசல் சகதியில் வண்டி சறுக்கி, புருஷனுக்கு முழங்கால் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, கட்டும் பிரித்தாயிற்று. நடக்கிறார். ஓட முடியாது.

“ஆடு மேய்க்கதுன்னா கம்ப ஊனிக்கிட்டு நிக்கதுன்னு நெனைக்காவ. அது ஓட்டம் அண்ணாச்சி, ஓட்டம். ரெண்டு பேரு ஓட்டத்த இப்ப நான் ஒருத்தி ஓடுதேன்” என்றார், முதல் தடவை கடைக்கு வந்தபோது.

விஷயம் இதுதான். கம்புக் கதிர் அறுத்த வெறும் காட்டில் ஆடு மேயும். அதை ஒட்டியே பருத்தி நிற்கும். செம்மறிக்குப் பருத்தி இலை என்றால் நமக்குக் கல்யாணப் பந்தி மாதிரி. ஒருவர் பருத்தியோரம் காவல் நிற்க வேண்டும், ஒருவர் பின்னால் வர வேண்டும். பின்னால் வருகிறவருக்குத்தான் மந்தை முழுசும் தெரியும். அவர் போடுகிற சத்தம் முன்னால் நிற்கிற புருஷன் காதில் விழ வேண்டுமே! திரும்பின பக்கமெல்லாம் காற்றாலை நட்டு வைத்திருக்கிற காடு எங்களுடையது. காற்றுக்குச் சொல்லவா வேண்டும்? கத்தின வார்த்தையைக் கத்தின வாயிலேயே திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிடும்.

ரெண்டு தடவை ஆடு பருத்திக்குள் இறங்கிவிட்டது. நிலத்துக்காரச் சம்சாரி நல்ல மனுஷர்தான். முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை நிதானமாகச் சொல்லியிருக்கிறார்: “இன்னொரு மட்டம் இப்படி நடந்தா, இந்தப் பக்கம் ஆட்டக் கொண்டாராதிய. பக்கத்துக் காட்டுக்காரவியள்ட்டயும் சொல்லிருவேன்.” அந்த முழங்காலை வைத்துக்கொண்டு புருஷன் நடந்துபோகிற தூரத்தில் அந்த நாலைந்து காடுகளை விட்டால் வேறு மேய்ச்சல் கிடையாது. அதுவும் போனால் ஆட்டை விற்க வேண்டியதுதான்.

“போன்ல சொல்லிப் பாக்கக் கூடாதா தாயி?” என்று கேட்டேன்.

“சொல்லாம இருப்பனா? நான் நம்பரத் தேடி, அது ரிங் போயி, இவிய பைக்குள்ள கைய விட்டுத் தொழாவி எடுத்து அலோன்னு சொல்லுததுக்குள்ள, ஆடு பருத்தியத் தின்னு ஏப்பம் விட்டுட்டு அடுத்த வரப்புக்குப் போயிருது. ஓடைக்குள்ள எறங்குனா டவரும் கெடைக்காது. போலீஸ்காரவிய தோள்ல மாட்டிக்கிட்டுக் கரகரன்னு பேசுதாவள்லா, அது மாதிரி அமுக்குன ஒடனே பேசுத சாமான் ஒண்ணு வாங்கித் தாங்க.”

கேட்கிறவர் கேட்டால் முடியாது என்று சொல்லத் தெரியாத வாய் எனக்கு. அன்றைக்கே இணையத்தில் தேடினேன். வெளிநாட்டுச் சரக்கு, நீளமான ஏரியல், நம்பர் பொத்தான்கள், பெட்டிமேல் ‘பத்து கிலோமீட்டர்’ என்று கொட்டை எழுத்து. விலையோ சீப்பு. வேறு ஒன்றையும் விசாரிக்காமல் ஒரு ஜோடி வரவழைத்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வந்தவர் முகத்தில் சிரிப்பு. ஆனால் ஒரு செட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“பேச்செல்லாம் நல்லாத்தான் கேக்குது. இவிய சும்மா இருக்க மாட்டாம பித்தானப் பூராம் அமுக்கிப் பாத்திருக்காவ. திடீர்னு உள்ள யாரோ பேசுதாவளாம். என்னமோ நம்பர் நம்பரா வாசிச்சிட்டு, ‘சரிதான? சரிதான?’ன்னு ரெண்டு மட்டம் கேட்டிருக்காவ. கேக்குத ஆளுக்குப் பதில் சொல்லாம இருந்தா மரியாதையா? இவிய அமுக்கி, ‘சரிதாங்கய்யா’ன்னுட்டாவ.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அப்புறம்?”

“பெறகு, ‘எவன்யா அது, சரின்னு சொன்னது?’ன்னு ஒரு அதட்டு. அம்புட்டுதான். அணைச்சு, துணியச் சுத்தி, பருத்திமார் வெறகுக் கட்டுக்குள்ள சொருகிட்டாவ. மூணு நாளா அந்தப் பக்கமே போகல. ஏன்னு கேட்டா, ‘அவிய இன்னும் உள்ளதான் இருப்பாவ’ங்காவ!”

போனுக்குச் சார்ஜர் வாங்க வந்து பக்கத்தில் நின்ற டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்க்கிறவர். துணியைப் பிரித்து செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இத நீங்களா வித்தீங்க?”

“ஆமா டீச்சர். ஏன், நல்ல செட்டுதான?”

“செட்டு நல்ல செட்டுதான். எந்த அலைவரிசைத் தடத்துல வேணும்னாலும் பேசும். அதான் தொந்தரவே. போலீஸ், ரயில்வே, ஆம்புலன்ஸ்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு தடம் ஒதுக்கிக் குடுத்திருக்கு. அதுக்குள்ள நாம புகுந்து ‘சரிதாங்கய்யா’ன்னு சொல்லி, அங்க ஒருத்தர் அத நம்பி ஒரு வேலையச் செஞ்சிட்டா என்ன ஆகும்?”

எனக்குச் சிரிப்பு வடிந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு முகமே சுருங்கிப்போயிற்று.

“நாங்க வேணும்னு செய்யலையே டீச்சர்.”

“தெரியும்மா. ஆனா லைசென்ஸ் இல்லாம இத வச்சிருக்கதே தப்பு. விக்கது அதவிடத் தப்பு.” கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

“நீங்களும் இப்படி ஒண்ணு வச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டனே டீச்சர்?” தப்பு செய்தவன் வாய் சும்மா இருக்குமா?

“நான் ஹாம் ரேடியோப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருக்கேன் அண்ணாச்சி. எனக்கும் ஆசைக்குப் பேசத்தான் அனுமதி, தொழிலுக்கு இல்ல. இவங்களுக்குத் தோதா வேற ஒண்ணு இருக்கு. 446 மெகாஹெர்ட்ஸ்ல மட்டும் பேசுற சின்ன செட்டு. அதுக்கு லைசென்ஸே வேண்டாம். நம்ம அரசாங்க அங்கீகாரம் வாங்குன மாடலான்னு மட்டும் பாத்து வாங்குங்க. சக்தி கம்மி. பொதுத் தடம் வேற. பக்கத்துல வேற யாராவது பேசுனா சண்டைக்குப் போகாம அனுசரிச்சிக்கணும்.”

“அது எங்களுக்குப் பழக்கந்தான் டீச்சர். பொதுக் கம்மாயில தண்ணி காட்டுதவியதான நாங்க” என்றார் அந்த அம்மா.

அன்றைக்கே அவர் வீட்டிலிருந்த மற்ற செட்டையும் வரவழைத்து, இரண்டிலும் பாட்டரியைக் கழற்றி, விற்றவனுக்கே திருப்பி அனுப்பினேன். அந்த அம்மாவிடம் பணத்தையும் கொடுத்தேன். அது பெரிதில்லை. புது செட்டு வந்து சேர்கிற வரைக்கும் அவர் மறுபடி ரெண்டு பேர் ஓட்டம் ஓட வேண்டியிருந்ததே, அதுதான் என்னை அரித்தது.

வந்த செட்டு கைக்கு அடக்கமாக இருந்தது. ஏரியல் கட்டைவிரல் நீளம். கழற்றவும் முடியாது. அங்கீகாரச் சான்று நகலும் கூடவே வந்தது. டீச்சரிடம் காட்டி அவர் தலையாட்டிய பிறகுதான் ஆட்டுக்கார அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். “கொம்பு மொளைக்காத குட்டி மாதிரில்லா இருக்கு” என்று சந்தேகத்தோடு வாங்கிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அந்தத் தெருப் பரீட்சையும், படிப் பால் உழக்குப் பால் பேச்சும்.

“ஞாயித்துக்கெழம நானே காட்டுக்கு வாரேன் தாயி. அங்கன பேசலேன்னா நானே திருப்பி எடுத்துக்கிடுதேன்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பருத்தி நன்றாக வெடித்திருந்தது. வெள்ளை ஆடும் வெள்ளைப் பருத்தியும் தூரத்துப் பார்வைக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. புருஷனைப் பருத்தியோரம் நிறுத்தி, ஒரு செட்டைக் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டேன். சத்தத்தை முழுசுக்கும் கூட்டி வைத்தேன். எந்தப் பொத்தானைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொன்னேன்.

“இதுக்குள்ள அவிய யாரும் இல்லையே அண்ணாச்சி?”

“இல்ல. ஒங்க வீட்டு அம்மா மட்டுந்தான்.”

“அதுக்கு அவியளே தேவல” என்று சிரித்தார்.

நானும் அந்த அம்மாவும் மந்தைக்குப் பின்னால், ஓடைக்கரை வரைக்கும் நடந்தோம். திரும்பிப் பார்த்தால் புருஷன் தீக்குச்சி அளவுக்குத் தெரிந்தார். அந்த அம்மா செட்டை இடுப்பில் சேலைக்குள் செருகியிருந்தார். “உடம்பே மறைக்கும் தாயி. வெளிய எடுத்து முகத்துக்கு நேராப் புடிங்க” என்றேன். எடுத்துப் பிடித்தார்.

“ஏட்டி, கேக்குதா?”

செட்டில் வந்த புருஷன் குரல், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல் இருந்தது. டவுனில் கட்டடத்துக்குக் கட்டடம் முட்டிக்கொண்டு செத்துப்போன அதே அரை வாட் சக்திக்கு, இந்தச் சமதளக் கரிசல் காட்டில் தடுக்க ஒன்றுமே இல்லை. நான் ஜெயித்த மாதிரி நிமிர்ந்தேன்.

அந்த அம்மா நிமிரவில்லை. “கேக்குது சரி. கேட்டு என்ன செய்ய? ஆடு எறங்குதுன்னு நான் சொன்னா, இவிய ஓடியா மறிக்கப் போறாவ?”

அதுவும் சரிதான். பழைய செட்டிலும் இதே கதைதான் இருந்திருக்கும். இரண்டு வாரத்தில் ஆடு அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தது அதிர்ஷ்டம். சாமானைப் பற்றியே யோசித்த நான் முழங்காலை மறந்துபோயிருந்தேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மந்தையின் வடக்கு மூலை மெல்லப் பிதுங்கியது. முன்னால் போன பெரிய பெட்டை ஆடு பருத்தி வரப்பில் முன்னங்காலை எடுத்து வைத்துவிட்டது.

“இந்தாங்க! வடக்க, வடக்க! பெரிய பொட்டாடு வரப்புல ஏறிட்டு!”

புருஷன் திரும்பினார். கம்பை ஊன்றி, காலை இழுத்து இழுத்து நடந்தார். பாதித் தூரம்கூடப் போகவில்லை. அதற்குள் பெரிய ஆட்டுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து வரப்பை ஒட்டி வந்துவிட்டன. அந்தச் சம்சாரி சொன்ன மூன்றாவது மட்டம் கண்ணெதிரே நடக்கப் போகிறது. இந்த அம்மா சேலையை வரிந்து தூக்கிச் செருகினார். ஓடப் போகிற வேகத்தில், தினமும் ஆட்டைக் கூப்பிடுகிற சத்தம் தானாகவே வாயிலிருந்து வந்தது.

“ஏய்ய்ய்... த்தாத்தா, த்தாத்தா!”

கட்டைவிரல் இன்னும் பொத்தானை அமுக்கியபடியே இருந்ததை அவர் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. ஆடு கவனித்துவிட்டது. அத்தனை தூரத்தில், புருஷன் நெஞ்சில் தொங்கிய செட்டிலிருந்து அந்த அம்மாவின் குரல் கணீரென்று வந்திருக்கிறது. பெரிய பெட்டை தலையைத் தூக்கியது. வைத்த காலை வரப்பிலிருந்து எடுத்தது. திரும்பிப் புருஷனை நோக்கி நடந்தது. பின்னால் நின்றவையும் திரும்பின. கொஞ்ச நேரத்தில் புருஷனைச் சுற்றி வெள்ளை வட்டமாக நின்றன.

“ஏட்டி!” செட்டில் புருஷன் குரல் பதறியது. “எல்லாம் என் நெஞ்சையே பாக்குதுட்டி! ஒண்ணு மோந்து பாக்குது!”

“அசையாதீங்க. இந்தச் சாமான அது நான்னு நெனைக்கி. அப்படியே மெதுவாத் தெக்க நடங்க. நான் கூப்புடுதேன்.”

அவர் தெற்கே திரும்பி நடந்தார். அந்த அம்மா பொத்தானை அமுக்கி, இந்தத் தடவை கத்தாமல், பேச்சுக் குரலிலேயே கூப்பிட்டார். காலை இழுத்து இழுத்து ஒரு மனுஷர் முன்னால் போக, மந்தை மொத்தமும் அவர் வேகத்துக்கே பருத்தியை விட்டு விலகிப் பின்னால் போயிற்று.

கடைசி ஆடும் கம்பு அறுத்த காட்டுக்குள் வந்து சேரும் வரைக்கும் அந்த அம்மா நின்று பார்த்தார். பிறகு, தூக்கிச் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு, செட்டை என்னிடம் நீட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார்.