அண்ணனுக்கு அடிக்காத மணி

எங்கள் கோயில் ஓர்கன் பாடுவதற்கு முன் மூச்சு வாங்கும். இழுப்புக்காரக் கிழவர் படியேறுவதுபோல நீளமாக ஒரு இழுவை, அதற்குப் பிறகுதான் ஆளுயரக் குழாய்களிலிருந்து சத்தம் கிளம்பி நாம் குந்தியிருக்கும் வாங்குப் பலகை வழியாக நம் பல்லுக்குள் ஏறும். 'காத்துப்பெட்டி' என்றுதான் சொல்வோம். அதன் பின்னால் பத்து வயதுப் பையன் ஒருவன் நுழையுமளவு இடைவெளி இருப்பதை மட்டக்களப்பிலேயே அறிந்தவன் நான் ஒருவன்தான்.

ஒளிந்தது மணிக்குப் பயந்து. யாராவது செத்தால் கோபுரத்துப் பெரிய மணி ஆணுக்கு ஒன்பது, பெண்ணுக்கு ஏழு, பிள்ளைக்கு மூன்று அடிக்கும். வாவிக்கரைச் சனமெல்லாம் கைவேலையை நிறுத்திவிட்டு எண்ணும். அண்ணனை ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக் கொண்டுபோன நாளிலிருந்து, நான் எண்ணாவிட்டால் அவன் சாகமாட்டான் என்பது என் வேதமாயிற்று. ஆகவே முதல் அடி கேட்டதும் ஓடிப்போய்க் காத்துப்பெட்டிக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு குந்துவேன். மணிக்குப் பயந்தவன் மணிக்கு நேர் கீழேயே ஒளிந்தான் என்றால் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் நான் உள்ளே இருப்பது தெரியாமல் ஒரு செத்தவீட்டுப் பூசைக்குப் பாட்டு டீச்சர் ஓர்கனை வாசிக்கத் தொடங்க, அலறிக்கொண்டு பாய்ந்து சவப்பெட்டியடியில் போய் விழுந்தேன். காற்சட்டை நனைந்திருந்தது. மணியடிக்கும் கோயில் வேலைக்காரர் 'சங்கிலித்தாம்' காதைப் பிடித்துத் தூக்கினார்.

"செத்தவரே பேசாமக் கிடக்காரு, உனக்கென்னடா மனே கூத்து?"

அண்ணனைக் கொண்டுபோய் இரண்டு வருடம் கழித்துப் பாதர் வீட்டுக்கு வந்தார். அண்ணனுக்கும் ஒரு பூசை வைத்து மணியை அடித்துவிட்டால் மனம் ஆறும் என்றார். மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"என்ட புள்ளட உடம்ப நீங்க கண்டீங்களா பாதர்? காணாம அடிக்கப்படா."

பாதர் தேத்தண்ணியையும் குடிக்காமல் போனார்.

இன்று ஓர்கன் குழாய்களில் வௌவால் குடியிருக்கிறது. மணிக்கயிறும் போய்விட்டது, சுவிச்சைப் போட்டால் ஸ்பீக்கரில் மணி கேட்கும். போன மாதம் அம்மாவுக்கு ஏழு அடித்து முடித்த புதிய சங்கிலித்தாம், சுவிச்சிலிருந்து விரலை எடுக்காமலே என்னைப் பார்த்தான்.

"அண்ணே, உங்கட அண்ணருக்கும் சேத்து அடிச்சிடவா? இனி ஆரு வேணாமெண்டு சொல்லப் போறாங்க?"

எந்தச் செத்தவீட்டிலும் பகிடி விடுகிறவன் நான். அன்று வாயை முந்திக்கொண்டு கை தானாகப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"பொறு தம்பி, அம்மாட்ட ஒரு சொல்லுக் கேட்டுட்டு வாறன்."

அம்மா பீடத்துக்கு முன்னால் பெட்டிக்குள் கிடந்தார். நான் போய்க் கேட்டேன்.