கத்தாத பிரேக்

எங்கள் வீட்டுக் காரை அப்பா 'மயிலை' என்றுதான் கூப்பிடுவார். சாம்பல் கலந்த வெள்ளைக் காளைக்கு எங்கள் பக்கம் சொல்லும் பெயர் அது. காரும் அதே நிறம். இரண்டு கதவு, பதினைந்து வயது, எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிச் சலித்தது. தினமும் காலையில் காளைகளின் முதுகில் ஒரு தட்டு தட்டுவார், அப்படியே வந்து காரின் பின்புறத்திலும் ஒரு தட்டு தட்டுவார். கார் வாலை ஆட்டாததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கலாம்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கம் மலையாள எல்லையில் இருக்கிற கஞ்சிக்கோட்டில் தொழிற்பேட்டைக்கென்று அகலமாக ரோடு போட்டுவிட்டார்கள், பேக்டரிகள் பாதிதான் வந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஈ காக்கை இருக்காது. கார் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து அந்த ரோட்டில் ஒரு பந்தயம் வைத்தார்கள். சின்னக் கார்கள் மட்டும், சதுரமாக நாலு சுற்று. நான் அப்போது சித்தூர் காலேஜில் பௌதிகம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருக்க எனக்கு எந்தக் காலத்திலும் வராது. அண்ணன் வந்து விஷயத்தைச் சொன்னதும் நான்தான் ஓட்டுவேன் என்றேன். அவர் மறுக்கவில்லை. சினை மாட்டைச் சந்தைக்குக் கூட்டிப் போவது போலத்தான் அவர் கார் ஓட்டுவார், அது அவருக்கே தெரியும்.

அப்பா மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். அவர் ரேக்ளா வண்டியில் பெயர் எடுத்தவர். பந்தயம் என்றால் அவருக்கும் ரத்தம் சூடாகும்.

"போய்ட்டு வா கண்ணு. ஆனா மயிலை மேல ஒரே ஒரு கீறல் உழுந்தாலும் அன்னிக்கே வித்துப்போடுவேன். அப்புறம் நீ ஸ்டியரிங்குப் பக்கமே போகக்கூடாது."

இதை வெறும் மிரட்டல் என்று நினைத்துவிட முடியாது. ஒரு தடவை தோற்ற ஜோடிக் காளையை அன்று பொழுது சாய்வதற்குள் விற்றுவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தவர் அவர். எனக்கோ கார் ஓட்டுவதைவிடப் பெரிய சந்தோஷம் உலகத்தில் இல்லை. சரிங்கப்பா என்று தலையாட்டிவிட்டேன்.

மயிலை ஓடுவதில் குறை இல்லை, நிற்பதில்தான் குறை. பழைய பிரேக்கை எங்கள் ஊர் அம்மன் பூவத்தாளுக்கு நேர்ந்துகொண்டுதான் மிதிக்க வேண்டும். அதனால் நாலு சக்கரத்துப் பிரேக் கட்டைகளையும் கழற்றி, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், லாரிக்குப் போடும் கெட்டி லைனிங்கை அளவாக வெட்டி ரிவெட் அடித்து வாங்கினோம். நான் பெடலை மிதிக்க, அண்ணன் அடியில் படுத்துக்கொண்டு குழாயில் இருந்த காற்றை எடுத்தார். "மிதி", "உடு", "மிதி", "உடு" என்று ஒரு மத்தியானம் முழுக்கக் கத்தினோம். சக்கர வட்டங்களை அறுத்து, நடுவே ஓரங்குலப் பட்டை வைத்துப் பற்றவைத்து அகலமாக்கினோம்.

டயர் வந்த கதை தனி. கம்பம்மெட்டில் ஏலக்காய் வியாபாரம் செய்த தாய்மாமன், ஓர் எஸ்டேட்டுக்காரரிடமிருந்து வெளிநாட்டு ரேடியல் டயர் நாலு வாங்கி, ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே லாரியில் போட்டு அனுப்பினார். வந்து இறங்கியபோது பாயச வாசம் வீசியது. எங்கள் காளை ஒன்று வந்து ஒரு டயரை ஆற அமர நக்கிப் பார்த்தது. அந்த டயரோடு முதல் தடவை வாய்க்கால் மேட்டு வளைவில் திருப்பினேன். வழக்கமாக ஒரு பக்கம் சாய்ந்து கீச்சிடும் வண்டி, தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திரும்பியது. நான் தனியாக இருந்தேன். வாய்விட்டுச் சிரித்தேன்.

ஒரே ஒரு சங்கடம். கெட்டி லைனிங் நன்றாகப் பிடித்தது, ஆனால் கத்தியது. மிதித்தால் கழுத்தறுபட்ட பன்றி மாதிரி ஒரு சத்தம். எனக்கு அது ஒரு பொருட்டில்லை. அப்பாவுக்கோ தூக்கமே போய்விட்டது. மாட்டு வண்டியின் அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மசை போடுவார்கள். மசை போடாத சக்கரம் கத்தும். கத்துகிற வண்டியில் வருகிறவன் எங்கள் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

"நூறு பேரு பாக்கற எடத்துல நம்மூட்டு வண்டி கத்தலாமா? மசைக்கு வக்கில்லாதவன்னு சிரிக்க மாட்டாங்க?"

"அது அச்சு இல்லீங்கப்பா, பிரேக்கு. நானே சரி பண்ணிப்போடறேன்," என்றேன். சனிக்கிழமை முழுக்கப் பிரேக் கட்டைகளின் விளிம்பை அரத்தால் சாய்வாக ராவினேன். சத்தம் பாதிதான் குறைந்தது.

ஞாயிறு காலை நான் குளித்துவிட்டு வந்தபோது மயிலை நெல் லாரியில் வைக்கோல் மெத்தைமேல் ஏறி நின்றது. பந்தயக் காளையைப் பந்தயத்துக்கு நடத்திக் கூட்டிப்போவது வழக்கமில்லையாம். லாரியில் ஏற்றும்போது பிரேக் துளிக்கூடக் கத்தவில்லை என்று அண்ணன் சொன்னார். நான் ராவின கையை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு பெருமை.

பந்தய ரோட்டில் மயிலையை இறக்கி, கோடு வரைக்கும் ஆட்கள் தள்ளியே கொண்டுபோனார்கள். ஏழு கார்கள். பெண் நான் ஒருத்திதான். கொடி இறங்கியது. மூன்றாவது கியரில் மயிலை பறந்தது. முதல் முனை வந்தது, பிரேக்கை மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. கார் நிற்கவில்லை! குறையக்கூட இல்லை. வெண்ணெயில் வழுக்குவது போலப் போய்க்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் கியரை இரண்டாவதுக்குத் தள்ளி ஸ்டியரிங்கைத் திருப்பினேன். எஞ்சின் அலறியது. ஏலக்காய் டயர்கள் பிடித்தன. முனையில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளை ஒரு சாண் தூரத்தில் விட்டுவிட்டு முனையைத் தாண்டினேன். தாண்டிப் பார்த்தால் இரண்டு கார்களை முந்தியிருந்தேன்.

அங்கேயே ஒதுக்கி நிறுத்தியிருக்க வேண்டும். புத்தியுள்ளவள் நிறுத்தியிருப்பாள். எனக்குப் பயம் இருந்தது, ஆனால் பயத்தைவிடக் குஷி பெரிதாக இருந்தது. கியரைத் தள்ளு, திருப்பு, கத்து. மீதிப் பதினைந்து முனையிலும் இதையேதான் செய்தேன். வண்டிக்குள் என் சிரிப்புச் சத்தம் எஞ்சினுக்கு மேலே கேட்டது. நாலாவது சுற்று முடிந்து கொடியைத் தாண்டியபோது எனக்கு முன்னால் ஒரே ஒரு கார்தான். பிரேக் இருந்திருந்தால் நாலாவதுதான் வந்திருப்பேன்.

இனி நிறுத்தியாக வேண்டுமே. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று. எஞ்சினை அணைத்தேன். கைப்பிரேக்கை இழுத்தேன், அதுவும் வழுக்கியது. வண்டி மெதுவாக உருண்டது. எதிரே, ரோடு முடிகிற இடத்தில், கல் வரிசைக்கு முன்னால் அப்பா கையை விரித்துக்கொண்டு நின்றார். ரேக்ளாவில் ஓடி வருகிற காளையை எல்லைக்கு அப்பால் சொந்தக்காரர்தான் நின்று பிடிப்பார்.

"அப்பா, நவுருங்க! பிரேக்கு இல்லீங்க!"

அவர் நகரவில்லை. "ஓ... ஓ... மயிலை..." என்று குரல் கொடுத்துக்கொண்டே பானெட்டின்மேல் மார்பைச் சாய்த்து, செருப்பால் தரையை உழுதுகொண்டே பின்னால் போனார். கல்லுக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது.

சக்கரங்களிலிருந்து புகை வந்தது. கொடி வீசியவர் ஓடி வந்து, "எந்தா ஈ மணம்?" என்று மலையாளத்தில் கேட்டு மூக்கைச் சுருக்கினார். எனக்கு ஒரு மூச்சிலேயே தெரிந்துவிட்டது. விளக்கெண்ணெய் வாசம்.

அப்பா வேட்டியை உதறிக்கொண்டு நின்றார். அந்த மனிதர் அப்படி விழித்து நான் பார்த்ததில்லை.

"வெடியால நாந்தான் கழட்டி நாலுக்கும் மசை போட்டேன் கண்ணு. நீங்க கழட்டறதத்தான் ஒரு மாசமாப் பாத்துட்டே இருந்தனே. உள்ள ஒரு எடம் உடாம போட்டேன்."

கோபப்பட வேண்டும் என்றுதான் இறங்கினேன். பிரேக் கட்டைக்கு மசை! உராய்வைப் பற்றி மூன்று வருஷம் படித்தவளுக்கு வந்து வாய்த்த அப்பா! ஆனால் வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே பானெட்டைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுபோனது. ஒரு சாண் நீளத்துக்குப் பளபளவென்று ஒரு கீறல். அப்பாவின் அகல இடுப்பு பெல்ட்டின் பித்தளைக் கொக்கி போட்டது.

அண்ணனும் பார்த்துவிட்டார். அப்பா கொக்கியைத் தொட்டுப் பார்த்தார், கீறலைத் தொட்டுப் பார்த்தார். துண்டை எடுத்து அதன்மேல் இரண்டு தடவை தேய்த்தார். போகவில்லை. பெல்ட்டைக் கழற்றி, சுருட்டி, அண்ணன் கையில் கொடுத்தார்.

"இந்தக் கருமத்த வித்துப்போடு," என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "லாரிய ஊட்டுக்குப் போகச் சொல்லியாச்சு. நீயே ஓட்டிட்டு வா. அதுக்கு மொதல்ல அதையெல்லாந் தொடச்சுப் போடு கண்ணு, நானும் ஏறோணும்," என்றார்.

நாலு டிரம்மையும் கழற்றி, பெட்ரோலில் கழுவி, துணியால் துடைத்தோம். அப்பாவும் ஒரு சக்கரத்தைத் துடைத்தார். வீடு வரைக்கும் ஒவ்வொரு முனையிலும் பிரேக்கை மிதித்தேன், தேவையே இல்லாத இடத்திலும் மிதித்தேன். ஊருக்கே கேட்கிற மாதிரி மயிலை கத்தியது. பக்கத்து சீட்டில் அப்பா தலை நிமிர்ந்தபடியே உட்கார்ந்திருந்தார்.