எட்டுச் சொட்டு தேசப்பன்

தேசப்பன் பிணத்தை எடுத்தது 1971 ஜூலை ஒன்றாம் தேதி சாயந்திரம். எர்ணாவூரில் அவன் வீட்டுத் தெருமுனையில் நின்றுகொண்டு எங்கள் ஆஸ்பத்திரித் தலைமைக் குமாஸ்தா என்னிடம் சொன்னார்: "முன்னாடியே சொல்லியிருந்தா மருந்து குடுத்திருப்போமேய்யா. ஆஸ்பத்திரியில வேலை பாக்கிறவனுக்கு மருந்துக்கா பஞ்சம்?"

எட்டு வருஷமாக அந்த வார்த்தை என் தொண்டையில் நிற்கிறது. அன்றைக்கு நான் பதில் பேசவில்லை. பேசியிருந்தால் என் வேலையும் போயிருக்கும் என்பது ஒரு காரணம். அவன் செய்த தப்பில் பாதி என்னுடையது என்பது இன்னொரு காரணம். இப்போது அந்த ஆஸ்பத்திரியே இல்லை. ராயபுரத்தில் ஒரு டிரஸ்ட் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. இடித்துவிட்டு குடோன் கட்டிவிட்டார்கள். இனி எழுதினால் யார் என்னை என்ன செய்ய முடியும்?

நான் அங்கே ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன். பெயர் தாவூது. தேசப்பனுக்கு ஆண்கள் சர்க்கரை வார்டில் வேலை. வார்டின் கோடியில் ஒரு சின்ன அறை உண்டு. ஒரு மேஜை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, மரச் சட்டத்தில் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், பெரிய பாட்டிலில் நீல மருந்து. இவ்வளவுதான் அவன் ராஜ்யம். சாப்பாட்டு வண்டி வருவதற்கு முன்னால், நாளுக்கு நாலு தடவை, ஒவ்வொரு கட்டிலிலும் மூத்திர பாட்டிலை வாங்குவான். குழாயில் நீல மருந்து ஊற்றி, அதில் மூத்திரம் எட்டுச் சொட்டு விடுவான். ஏழும் இல்லை, ஒன்பதும் இல்லை. விளக்கில் காட்டிக் கொதிக்க வைப்பான். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதற்கு மேல், செங்கல் சிவப்பு வந்துவிட்டால் ஆபத்து. நிறத்தைச் சீட்டில் எழுதிக் கட்டிலில் மாட்டுவான். அதைப் பார்த்துத்தான் பிலோமி சிஸ்டர் ஊசி போடுவார். பெரிய லேபுக்கு அனுப்பினால் பதில் வர ராத்திரி ஆகிவிடும். சோறும் ஊசியும் அதுவரை காத்திருக்காது. அதனால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இந்தச் சோதனை.

நோயாளிகள் அவனைக் 'கலர் கடை' என்பார்கள். "இன்னா கலர் கடை, எனக்கு இன்னா கலரு?" என்று கட்டிலிலிருந்தே கத்துவார்கள். அவன் சிரிக்க மாட்டான். நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறபோது அவன் முகம் நகைக்கடைக்காரன் முகம் மாதிரி இருக்கும்.

அவனை ஏமாற்ற முடியாது. ஹார்பரில் மூட்டை தூக்கும் முப்பிடாதி என்று ஒருவன் படுத்திருந்தான், தெற்கத்தி ஆள். பத்து நாள் வேலைக்குப் போகாவிட்டால் மேஸ்திரி பெயரை வெட்டிவிடுவான் என்று பயம். நீலம் வந்தால் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் அல்லவா? அடுத்த வார்டில் கால் உடைந்து கிடந்தவனிடம் கெஞ்சி ஒரு பாட்டில் மூத்திரம் வாங்கி வைத்துக்கொண்டான். தேசப்பன் அதை வாங்கியதும் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"இன்னா நைனா, இது உன்னுதா?"

"என்னுது இல்லாம ஊரானுதா? இப்பத்தான் அண்ணாச்சி பிடிச்சேன்."

"இப்பத்தான் புடிச்சது ஜில்லுனு கீது. உன் வயித்துல இன்னா, ஐஸ் பொட்டி வெச்சிகினு கீறியா?"

வார்டே சிரித்தது. முப்பிடாதி மட்டும் அழுகிற மாதிரி ஆகிவிட்டான். "ஒரு தடவை நீலம்னு எழுதுங்க அண்ணாச்சி. பேரை வெட்டிட்டான்னா என் பிள்ளைங்க என்ன செய்யும்?"

"எழுதிடுவேன். நீயும் வூட்டுக்குப் போயிடுவே. நாலாம் நாள் நெனப்பு இல்லாத உன்னை தாவூது பாய்தான் இழுத்துகினு வரணும். பாய்க்கு ஏற்கெனவே முதுகு வலி, பாவம்."

சொல்லிவிட்டுப் புது பாட்டிலை நீட்டினான். முப்பிடாதி இன்னும் பன்னிரண்டு நாள் படுத்திருந்து நடந்தே வீட்டுக்குப் போனான்.

இப்படிப்பட்டவன் பதினோரு வருஷம் டெம்பரவரி. மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் டெம்பரவரி ஆளை நீக்கிவிடுவார்கள். அவன் மனைவி அங்கம்மா திருவொற்றியூர் மார்க்கெட்டில் கருவாடு விற்பாள். இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவள் பிறந்த அன்றைக்குக்கூட அவன் எட்டுச் சொட்டு விட்டுவிட்டுத்தான் போனான்.

1970 மே மாதம். கத்திரி வெயில். தேசப்பன் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். எல்லோரும்தான் குடித்தோம். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. நீல மருந்தின் புது பாட்டில் வந்தால் முதலில் தன் மூத்திரத்தை விட்டுக் கொதிக்க வைப்பான். நோய் இல்லாதவன் மூத்திரம், நீலம் மாறக்கூடாது. மாறாவிட்டால் மருந்து சரி என்று அர்த்தம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவனே வைத்துக்கொண்ட முறை. அந்த மாதம் வந்த பாட்டிலில் விட்டபோது மஞ்சள் வந்தது. மருந்து கெட்டுவிட்டது என்று முழு பாட்டிலையும் சாக்கடையில் கொட்டினான். இரண்டாவது பாட்டிலை உடைத்தான். அதிலும் மஞ்சள். அதையும் கொட்டினான்.

பிலோமி சிஸ்டர் சத்தம் போட்டார். "இன்னும் ஒரு பாட்டில்தான் இருக்கு தேசப்பா. அதையும் கொட்டிட்டு என்ன பண்ணப் போற? உன் கையை வெச்சா கலர் பாப்ப?"

"கலீஜ் மருந்த அனுப்பிக்கிறாங்க சிஸ்டர். நான் இன்னா பண்றது?"

அந்த நேரம் பார்த்து நான் காலி ஸ்ட்ரெச்சரோடு போனேன். பிடித்துக்கொண்டான். "பாய், உன்னுது கொஞ்சம் குடு."

"இன்னாத்த?"

"குடுக்கறத குடு. பெரிய நவாப்பு."

கொடுத்தேன். மூன்றாவது பாட்டிலில் என்னுடையதை ஒரு குழாயிலும் அவனுடையதை ஒரு குழாயிலும் எட்டு எட்டுச் சொட்டு விட்டான். ஒரே விளக்கில் மாற்றி மாற்றிக் காட்டினான். என் குழாய் கடல் மாதிரி நீலமாக நின்றது. அவன் குழாய் கலங்கி, பச்சையாகி, மஞ்சளாகி, அதற்கு மேலும் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு குழாய்களையும் ஜன்னலில் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றான். பிறகு, "மருந்து நல்ல மருந்துதான்," என்றான்.

சரியாக அடுத்த மாதம்தான் நிரந்தரம் ஆகப் போகிறவர்கள் பட்டியல் வந்தது. அதில் அவன் பெயர் இருந்தது. உடம்பில் ஒரு நோயும் இல்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வருஷம் பார்ப்பார்கள். அடுத்த வருஷம் ஜூலை ஒன்றாம் தேதி ஆபீஸ் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டால் பர்மனெண்ட். பர்மனெண்ட் ஆளுக்கு நோய் வந்தால் மருந்து உண்டு, சம்பளத்தோடு லீவு உண்டு, செத்துப்போனால் சம்சாரத்துக்கு வேலை உண்டு. டெம்பரவரி ஆளுக்கு நோய் என்று தெரிந்தால் கதவைக் காட்டுவார்கள். தலைமைக் குமாஸ்தாவுக்கு இது தெரியாதா? அந்த விதியை டைப் அடித்து நோட்டீஸ் பலகையில் ஒட்டியது அவர்தான்.

சோதனைக்கு முதல் நாள் தேசப்பன் என்னை டீக்கடைக்கு அழைத்துப் போனான். சர்க்கரை இல்லாத டீயைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தபடி கேட்டான். எதைக் கேட்டான் என்று எழுத வேண்டியதில்லை. மறுநாள் காலையில் கொடுத்தேன். ஒரு துணியில் சுற்றி, சட்டைக்குள், அடி வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். சூடு ஆறக்கூடாது என்று. டாக்டர் கையில் போகிறபோது அது வெதுவெதுப்பாகவே இருந்தது. நீலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்தபோது அவன் சந்தோஷப்படவில்லை. "முப்பிடாதிய அன்னைக்கி எல்லார் எதிர்லயும் பேசிட்டேன் பாய்," என்றான். அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு வருஷம் அவன் பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க முடியாது. வெளியே போகலாம் என்றால் சுற்று வட்டாரத்தில் கம்பவுண்டர் எல்லாம் தெரிந்தவர்கள். ஒரு தடவை மாதவரம் வரை போய் யாரோ ஒரு டாக்டரிடம் மாத்திரை வாங்கி வந்தான். அதைத் தின்று வேலை நேரத்தில் மயக்கம் வந்ததும் பயந்து நிறுத்திவிட்டான். பிறகு ஒரே வைத்தியம் பட்டினிதான். தினமும் வார்டு குழாய்களோடு தன் குழாயையும் ஒன்று சேர்த்துக் காய்ச்சுவான். பார்ப்பான், கழுவிக் கவிழ்ப்பான். எங்கும் எழுத மாட்டான். அங்கம்மா என்னிடம் வந்து அழுதாள்.

"அண்ணாத்த, நான் வடிச்ச சோத்த தொட மாட்டேங்குது. எலும்பா பூடுச்சி. வேற எங்கனா தொடுப்பு வெச்சிகினு கீதா? நெசத்த சொல்லு."

"அதெல்லாம் இல்ல தங்கச்சி. வயித்துக் கோளாறு."

பொய் சொன்னேன். தொடுப்பு என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு நஷ்டம் வந்திருக்காது.

1971 ஜூன் மாதம், இன்னும் மூன்று வாரம் பாக்கி. ஒரு காலையில் நான் வார்டுக்குள் போகிறேன், தரையில் வரிசையாக ரத்தக் கால் தடம். தேசப்பன் நடு வார்டில் நின்று கத்திக்கொண்டிருந்தான். "எவன்டா அவன், கால்ல ரத்தத்தோட வார்டு பூரா சுத்தினு கீறவன்? கால தூக்குங்க எல்லாரும், பாக்கறேன்!"

கட்டிலில் இருந்தவர்கள் எல்லோரும் காலைத் தூக்கிக் காட்டினார்கள். நான் தடத்தைத் தொடர்ந்து பார்த்தேன். அது சின்ன அறையில் ஆரம்பித்து அவன் நின்ற இடத்தில் முடிந்தது. குழாய் கழுவுகிறபோது செருப்பைக் கழற்றிவிடுவது அவன் வழக்கம். உடைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று அவன் வலது பாதத்தில் விரல் அளவுக்கு ஏறியிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. நான் உட்கார வைத்துப் பிடுங்கினபோதும், "வலிக்கலியே பாய்," என்று ஆச்சரியமாகப் பார்த்தான். சர்க்கரைக் கால் எப்படி இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எத்தனை பேரை அந்த வார்டிலிருந்து கால் எடுக்க நான் தள்ளிப் போயிருக்கிறேன்.

துணி சுற்றி, மேலே பெரிய ஷூ போட்டுக்கொண்டு இரண்டு வாரத்துக்கு மேல் வேலை செய்தான். புண் நாறியது. ஷூவுக்குள் பவுடர் கொட்டினான். பிலோமி சிஸ்டர் ஒரு நாள், "என்ன தேசப்பா, மாப்பிள்ளை மாதிரி மணக்கிற?" என்று கேட்டார். "ஒண்ணாந்தேதி பர்மனெண்டு சிஸ்டர், இப்பலர்ந்தே பழகிக்கிறேன்," என்றான். சிஸ்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூன் இருபத்தொன்பதும் முப்பதும் அவன் வரவில்லை. இரண்டு நாள்தான், மூன்று ஆகவில்லை. அதையும் கணக்குப் பார்த்துத்தான் படுத்திருக்கிறான். முப்பதாம் தேதி மத்தியானம் எர்ணாவூருக்குப் போனேன். அங்கம்மா வாசலில் நின்றிருந்தாள். "நீ சொன்னா கேக்கும் அண்ணாத்த, ஆஸ்பத்திரிக்கி வரச் சொல்லு," என்றாள்.

உள்ளே பாயில் கிடந்தான். கணுக்கால் வரை கறுத்திருந்தது. மூச்சு ஆழமாக, வேகமாக வாங்கியது. மூச்சில் அழுகின பழத்தின் வாசனை. சிவப்பு வந்து கொஞ்ச நாளில் நினைவு தப்பப் போகிறவர்களிடம் அந்த வாசனை வரும். பதினேழு வருஷம் தள்ளினவனுக்குத் தெரியாதா?

"எழுந்திரு. பெரிய ஆஸ்பத்திரிக்கு போறோம்," என்றேன்.

"இன்னைக்கி போனா டெம்பரவரியா போவேன் பாய். நாளைக்கி போனா பர்மனெண்டா போவேன்."

"நாளைக்கு வரைக்கும் தாங்காதுடா."

"ஒரு கையெழுத்து. அதுக்கப்பறம் காலை வெட்டட்டும், கைய வெட்டட்டும். இல்லாங்காட்டி இதுங்க மூணும் இன்னா பண்ணும்?"

என்னால் அவனைத் தூக்கியிருக்க முடியும். அவனைவிட இரண்டு மடங்கு கனத்த ஆட்களைத் தூக்கியிருக்கிறேன், அவர்கள் வேண்டாம் என்று திமிறினாலும். அவனை மட்டும் தூக்கவில்லை. அவன் சொன்ன நியாயம் எனக்கு நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் அதுதான் என்னைக் கொல்கிறது. மறுநாள் ஏழு மணிக்கு நான் ரிக்‌ஷாவோடு போனபோது அங்கம்மாவின் ஒப்பாரிச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது.

முந்தின நாள் மத்தியானம் நான் கிளம்ப எழுந்ததும் என் கைலியைப் பிடித்து உட்கார வைத்தான். இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான்.

"காலைல வந்துடு பாய். கேட் வரைக்கும் ரிக்‌ஷா. அங்கேர்ந்து ஆபீசுக்கு நான் நடந்துதான் போவணும், குமாஸ்தா ஜன்னல் வழியா பாத்துகினு இருப்பாரு. ஸ்ட்ரெச்சர கொண்டாந்து மானத்த வாங்காத. உன் தோள் மேல கைய போட்டுக்கறேன், தோஸ்துங்க போற மாரி. நீ எதுனா ஒண்ணு பேசிகினே வா. நான் சிரிச்சிகினே வரேன்."